கொடைக்கானலுக்குப் போகாத விடுப்பு

கீரனூரிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் வேலைக்குப் போய்வரத் தொடங்கியபோது என் மகள் கைக்குழந்தை. இப்போது அவளுக்குத் திருமணமாகி பெங்களூரில் இருக்கிறாள். நான் இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் உட்கார இடம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்தபடி அரைத்தூக்கம். அதனால் பயணம் என்ற சொல்லைக் கேட்டால் மற்றவர்களுக்கு முகம் மலர்வதுபோல எனக்கு மலர்வதில்லை. முட்டி வலிதான் ஞாபகத்துக்கு வரும்.

என் கணவர் இதற்கு நேரெதிர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர், முதுகுவலி தாங்காமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். ஆண்டு முழுவதும் வீட்டில் இருக்கிறார். கைபேசியில் அருவிகளும் மலைப்பாதைகளும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் யாரோ கழித்துக்கட்டிய வாஷிங் மெஷினின் டிரம்மை வாங்கிவந்து, அதற்கு மூன்று இரும்புக் கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டு, காய்கறி சுடும் அடுப்பாக மாற்றிவிட்டார். அதுவும் கைபேசியில் பார்த்ததுதான்.

முதல் முறை அதை மாடியில் என் செடிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பற்றவைத்தார். மக்காச்சோளமும் குடைமிளகாயும் நன்றாகத்தான் வந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் பாகல் கொடியில் அடுப்புப் பக்கமாக இருந்த இலைகள் அத்தனையும் சுருண்டு கிடந்தன.

மாடித்தோட்டம் என்னுடையது. கத்தரி, தக்காளி, வெண்டை, குடைமிளகாய், ஒரு பாகல், ஒரு புடலை. மண்ணும் தென்னைநார்த் தூளும் நிரப்பிய பைகளில் வளர்ந்தன. தோட்டம் மனதுக்கு ஆறுதல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆறுதல்தான். ஆனால் வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், குழாயில் திறந்துவிட்டால் செடி வெந்துபோகும். விடிவதற்கு முன் வாளியில் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். மாலையில் வேலையிலிருந்து வந்ததும் மறுபடி ஏற வேண்டும். ஒருநாள் விட்டால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில மாலைகளில் வாளியைப் பாதிப் படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மே மாதம் எனக்குச் சேர்ந்தாற்போல் பத்து நாள் விடுப்பு கிடைத்தது. வெகு காலத்துக்குப் பிறகு கிடைத்த நீண்ட விடுப்பு. விடுப்பு எழுதிக் கொடுத்த நாளிலிருந்தே என் மனதில் ஒரே படம்தான்: மின்விசிறிக்கு அடியில் தரையில் படுத்துக் கிடக்கும் நான்.

அவர் மனதில் வேறு படம் ஓடியது.

"கொடைக்கானல் போவோம். மூணு நாளு. பஸ்லயே போயிரலாம், திண்டுக்கல்லுல மாறி, வத்தலக்குண்டு வழியா" என்றார்.

"பஸ்ஸு வேணாங்க. நான் வருசம் பூரா பஸ்லதான இருக்கேன்."

"அது வேலைக்குப் போற பஸ்ஸு. இது ஊரு பாக்கப் போற பஸ்ஸு."

"ரெண்டுலயும் சீட்டு ஒண்ணுதாங்க."

அவர் மாடிக்குப் போய் டிரம்மில் இருந்த பழைய சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆண்டு முழுவதும் நான்கு சுவருக்குள் இருக்கிறவர் கேட்கிறார், அதில் தவறில்லை. நான் கேட்பதிலும் தவறில்லை. இரண்டு நாள் இதே பேச்சு ஓடி, கடைசியில் நடுவாக ஓர் இடம் முடிவாயிற்று. மணமேல்குடியில் இருக்கும் அவருடைய அக்கா வீடு. மலை இல்லை, கடல். தங்க அறை தேட வேண்டாம். நான் படுத்துக்கொள்ளலாம், அவர் கடற்கரையில் அடுப்புப் பற்றவைக்கலாம்.

அவருடைய அக்காவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினியின் கணவர் அதற்கு முந்தைய ஆண்டு சித்திரையில் மாரடைப்பில் இறந்துபோனார். இரண்டு மகன்களும் சிங்கப்பூரில். மதினி அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். தலைத்திவசம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கும் அவருக்கும் பெரிய ஒட்டுதலும் இல்லை, பெரிய சண்டையும் இல்லை. விசேஷத்தில் பார்த்தால் "நல்லாருக்கியா" என்று கேட்பார், "இருக்கேன் மதினி" என்பேன். அவ்வளவுதான்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொல்லி, மாடிச் சாவியைக் கொடுத்தேன். பறிக்கத் தகுந்த கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் தக்காளியையும் பறித்துப் பையில் போட்டுக்கொண்டோம். அவர் டிரம்மைப் பழைய போர்வையில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டார். முதுகுவலிக்காரர் இதைத் தூக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் தூக்க வேண்டி வரும்.

புதுக்கோட்டையில் அன்னாசிப்பழம் இரண்டு வாங்கினோம். அறந்தாங்கிப் பேருந்தில் ஏறும்போது கண்டக்டர் வழியை மறித்தார்.

"என்ன சார் இது, வாஷிங் மெஷினா?"

"இல்லப்பா. அடுப்பு."

"அடுப்பா? உள்ள கேஸ் கீஸ் இருக்கா?"

"ஒண்ணும் இல்லப்பா. கரி போட்டு காய் சுடுறது."

"இந்த வெயில்ல எதுக்கு சார் சுடணும்? வெளிய வச்சா அதுவா வெந்துரும்" என்று சொல்லிவிட்டு, டிரம்முக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். முன்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே அவர் முகம் மாறிப்போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வறண்ட கண்மாயையும் கருவேலங்காட்டையும் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

மதினி வாசலிலேயே நின்றார்.

"வா தம்பி. வாத்தா. என்னத்தா இப்புடி எளச்சுக் கெடக்க? தம்பி, இவளுக்குச் சோறு போடுறியா இல்லையா?"

"அவதான்க்கா எனக்குப் போடுறா."

மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவிக் கொடுக்கலாம் என்று எழுந்தவள், ஒரு நிமிடம் முதுகைச் சாய்த்துவிட்டுப் போகலாம் என்று கூடத்தில் படுத்தேன். கண் விழித்தபோது விளக்குப் போட்டிருந்தது. மறுநாளும் அப்படித்தான். காலைச் சாப்பாடு முடிந்ததும் கண் செருகியது. மதியம் எழுப்பிச் சோறு போட்டார்கள். தின்றுவிட்டு மறுபடி படுத்தேன். விருந்துக்குப் போன வீட்டில் இப்படிக் கிடப்பது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்து நின்றால் கால் இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. என் கணவர் அக்காவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது தூக்கத்திலேயே காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் மாலை கடற்கரைக்குப் போனோம். அங்கே கடலுக்கு அலை கிடையாது. கண்மாய்த் தண்ணீர்போலக் கரையை நக்கிக்கொண்டு கிடக்கும். தென்னை நிழலில் போர்வையை விரித்தோம். அவர் டிரம்மை மணலில் ஊன்றி, கொட்டாங்குச்சியும் கரியும் போட்டுப் பற்றவைத்தார். காற்று ஒருபக்கம் அணைத்தது, ஒருபக்கம் ஊதிவிட்டது. நானும் மதினியும் கத்தரிக்காயில் எண்ணெய் தடவிக் கொடுத்தோம். அன்னாசியை வட்டமாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவினோம். அது முடிந்ததும் நான் போர்வையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தெரியும்.

விழித்தபோது வெயில் இறங்கிவிட்டது. அவர் தூரத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களிடம் பேசிக்கொண்டு நின்றார். மதினி என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தட்டு, அதன்மேல் மூடியாக இன்னொரு தட்டு.

"எந்திரிச்சியா? இந்தா, சாப்புடு. ஆறிப்போச்சு. மண்ணு வேற பறந்து விழுந்துருச்சு, பாத்து மெல்லு."

கத்தரிக்காய் மேலே கரிந்து உள்ளே குழைந்திருந்தது. அன்னாசி இனிப்பும் காரமும் புகையுமாக இருந்தது. இடையிடையே பல்லில் மணல் நறநறத்தது.

"அன்னாசிய எதுக்குச் சுடணும்னு கேட்டேன் ஒம் புருசன்கிட்ட. சொல்லிட்டு நானே நாலு துண்டு தின்னுட்டேன்" என்றார் மதினி. காலி மூடித்தட்டில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நீ தூங்குறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். எம்புட்டு அலுப்பு இருந்தா இப்புடித் தூங்குவ."

"தெனம் பஸ்ஸு மதினி. வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கு அதுக்கு எதிர்ப்பதம். ஒரு வருசமா வீட்டு வாசப்படி தாண்டல. கடைக்குப் போனாக்கூட, 'அதுக்குள்ள வெளிய வந்துட்டா பாரு'ன்னு ஒரு பார்வ. சரி, வருசம் முடியட்டும்னு கெடந்தேன். முடிஞ்சிருச்சு. இன்னமும் வீட்டுலதான் கெடக்கேன். இந்தக் கடலுக்கே இன்னைக்கித்தான் வாரேன், நடந்து வர்ற தூரத்துல இருந்துக்கிட்டு."

"சிங்கப்பூர் போயி மகன்களோட கொஞ்ச நாள் இருக்கலாம்ல?"

"அங்க போனா அதுவும் ஒரு வீடு. பேரனப் பாத்துக்கன்னு ஒக்கார வச்சிருவாங்கெ. எனக்கு எங்கிட்டாவது போவணும்த்தா. கோயிலு கொளம்னு இல்ல. சும்மா. எங்கிட்டாவது."

அவர் அழவில்லை. மாவு தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தானோ என்னவோ, யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீங்களும் அவுகளும் கொடைக்கானல் போயிட்டு வாங்களேன் மதினி."

மதினி திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப நீ?"

"நான் வீட்டுல இருக்கேன்."

"வீட்டுல இருந்து என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

மதினி சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முன்பல் ஒன்று இல்லாதது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் முதலில் முறுக்கிக்கொண்டார். "பொண்டாட்டிய விட்டுட்டு டூரு போறான்னு நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"அக்காவக் கூட்டிக்கிட்டுப் போறாருன்னு நெனப்பாங்க" என்றேன்.

"நீ நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தாங்க."

அவர் முகத்தில் வருத்தமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தன. வருத்தம் உண்மையானது. என்னோடு போக வேண்டும் என்றுதான் அவர் ஆசைப்பட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், வருகிறேன் என்று சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

டிரம்மையும் தூக்கிக்கொண்டு மூவரும் கீரனூருக்கு வந்தோம். பையை வைத்துவிட்டு நேராக மாடிக்கு ஏறினேன். எதிர் வீட்டுப் பெண் முன்வரிசைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றியிருந்தாள். புடலைப் பந்தலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வரிசை இருப்பது அவள் கண்ணில் படவில்லைபோலும். நானும் சொல்லிவிட்டுப் போகவில்லை. தக்காளிச் செடிகள் அத்தனையும் தலை தொங்கி, காய்கள் வெம்பிக் கிடந்தன. வெண்டை இலைகளைத் தொட்டால் அப்பளம்போல நொறுங்கின.

மதினி பின்னாலேயே வந்து பார்த்தார். "இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போடாதத்தா. காய் கடையில கெடைக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது. நான் வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் கிளம்பினார்கள். மதினி புதுச் செருப்புப் போட்டிருந்தார், தோளில் என் மகளின் பழைய கல்லூரிப் பை. தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினேன். வீடு ஓசையில்லாமல் இருந்தது. தொலைக்காட்சி இல்லை, கைபேசியில் அருவிச் சத்தம் இல்லை. தரையில் படுத்துக்கொண்டேன். உடனே தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன். அதுவே நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்குப் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும்தான் சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் மாடிக்குப் போய்ச் செத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பைகளில் இருந்த மண்ணைக் கொட்டிக் கிளறி ஆறவிட்டேன். யாருக்கும் காபி போட இறங்க வேண்டியதில்லை. கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து, பக்கத்து மாடியில் வடகம் எடுக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மிச்சம் இருந்த கத்தரிக்காயைக் கேஸ் அடுப்பின் தீயிலேயே காட்டிச் சுட்டேன். தோல் கரிந்து வெடித்ததும் உரித்து, பச்சை மிளகாயும் உப்பும் துளிப் புளியும் சேர்த்துப் பிசைந்து, அடுப்படியில் நின்றபடியே சட்டியிலிருந்து தின்றேன். தட்டுகூட எடுக்கவில்லை. பழுத்த நேந்திரம்பழம் ஒன்றையும் தோலோடு தீயில் வைத்தேன். உள்ளே பாகுபோல ஆகிவிட்டது. கரண்டியால் வழித்துத் தின்றேன். எனக்கு மட்டும் என்று நான் ஒன்றைச் செய்து தின்று எத்தனை காலமாகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அன்று பிற்பகல் கைபேசி அடித்தது. கணவர் கத்தினார்.

"ஏ, இங்க மழ! பனி வேற! பத்தடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல. அக்கா குதிரையில ஏறிட்டா!"

"யாரு, மதினியா?"

"இந்தா பேசு."

"ஏத்தா, குதிர மேல இருந்துதான் பேசுறேன்" என்றார் மதினி. மூச்சு வாங்கியது. "ஏரியச் சுத்திக் கூட்டிப்போறான். பயமாத்தான் இருக்கு. எறங்க மாட்டேன்னுட்டேன். இரு, இரு, ஆட்டுது..." தொடர்பு அறுந்துவிட்டது.

தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் வீடு மறுபடி அமைதியானது. முதல்முறையாக, நானும் போயிருக்கலாமோ என்று தோன்றியது. மழையில் நனைந்துகொண்டு, அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் அவரோடு நடந்திருக்கலாம். அப்புறம் அந்த மலைப்பாதையின் வளைவுகளை நினைத்தேன். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னை நினைத்தேன். இல்லை, முடியாது. ஆனால் இதுவும் எனக்குப் புரிந்தது: இந்த விடுப்போடு தீர்கிற அலுப்பு இல்லை இது. இத்தனை நாள் தூங்கியும் உடம்பு இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வேலையில் சேர்ந்த காலத்தில் இருந்த உடம்பு இனித் திரும்பி வராது. ஒருவரிடமும் சொல்லாத இதை அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் அழுகை வந்தது. முகம் கழுவிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

மூன்றாம் நாள் அவர்கள் மாலைக்குள் வந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும், டிரம்மை மாடியின் மறுகோடிக்கு, செடிகளுக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்துப்போய் நானே பற்றவைத்தேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் கடையில் வாங்கியிருந்தேன். பற்றவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. கண் எரிந்தது.

மதினிக்குச் சளி பிடித்திருந்தது, குரல் கட்டியிருந்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. பனி எப்படி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்தது, படகுக்கு எவ்வளவு பெரிய வரிசை, ஒரு டீ எவ்வளவு கொள்ளை விலை. என் கணவர் மாடிக்கு வந்ததும் பாயை விரித்து மல்லாந்து படுத்துவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. "கிழங்க வாயில போடு" என்றார். மதினி ஊதி ஊதிப் போட்டார்.

கொடைக்கானலிலிருந்து ஒரு பை நிறைய பிளம்ஸ் பழம் கொண்டுவந்திருந்தார்கள். அதையும் வலையில் வைத்தோம். தோல் வெடித்துச் சாறு கரியில் சொட்டிச் சீறியது. பயங்கரப் புளிப்பு. மூவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றோம்.

"அடுத்த தடவ நீயும் வரணும்" என்றார் மதினி.

"பாப்போம் மதினி."

"பாப்போம்னா வர மாட்டேன்னு அர்த்தம்" என்றார் படுத்திருந்தவர்.

நான் மறுக்கவில்லை. மதினியும் வற்புறுத்தவில்லை. இன்னொரு கிழங்கை உரித்து என் கையில் கொடுத்தார்.

விடுப்பு முடிந்து நான் வேலைக்குப் போன பிறகும் மதினி ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்தார். மாலையில் நான் வரும்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்திருப்பார், பின்வரிசைக்கும் சேர்த்து. நான் படியேற வேண்டியிருக்காது. அந்த ஒரு வாரம்தான் அந்தக் கோடையில் எனக்கு உண்மையான ஓய்வு என்று சொல்ல வேண்டும். அவர் ஊருக்குப் போன மறுநாள் வாளியைத் தூக்கும்போது அது முன்னைவிடக் கனத்தது.

ஜூலையில் மதினி தன் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வேன் பிடித்துக் குற்றாலம் போனார். வேனில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று முந்தைய வாரமே கேட்டார். எனக்கு விடுப்பு இல்லை. என் கணவர்தான் போனார், அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒரே ஆணாக. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து தக்காளி நாற்று வாங்கிவந்து, காலியாகக் கிடந்த பைகளில் நட்டேன். ஒரு மழை பெய்தால் பிடித்துக்கொள்ளும்.